ரிக்ஸ் மன்னருக்குப் பரிவட்டம்

பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாலும் தாய்வீடு ஒன்றுதான் என்பார்கள். திருப்பரங்குன்றம் சாலையில் இருந்த உலகச் சொல்மூல ஆய்வு நடுவம் இதைச் சொற்களுக்கும் விதியாக வைத்திருந்தது. உலகத்தில் எந்தச் சொல் எந்த மொழியில் குடித்தனம் நடத்தினாலும் சரி, அதற்குத் தாய்வீடு மதுரையைச் சுற்றி ஒரு நாள் பயண தூரத்துக்குள்தான் இருக்கும். இது அவர்கள் ஆராய்ந்து கண்ட முடிவு இல்லை. ஆராய்ச்சி தொடங்குவதற்கு முன்பே, வாசலில் பெயர்ப்பலகைக்குக் கீழே எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்தக் கட்டடம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. இயக்குநர் முனைவர் உக்கிரபாண்டி அதை வாங்கியபோது மேடையையும், மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளையும் அப்படியே வைத்துக்கொண்டார். பந்தி நடந்த கூடத்தில் நூலகம் வந்தது. மழை பெய்தால் அகராதிகளுக்கு நடுவில் இன்னும் லேசாகச் சாம்பார் வாசனை வரும்.

ஒரு சொல்லுக்குத் தாய்வீடு கண்டுபிடித்துவிட்டால் நடுவத்தில் ஒரு விழா நடக்கும். அதற்குத் தாய்வீட்டு அழைப்பு என்று பெயர். சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதி, மாலை போட்டு, திறந்த ஜீப்பில் ஏற்றி, மேளதாளத்தோடு மூலக்கரை வரை போய்த் திரும்புவார்கள். வாசலில் பெண்கள் ஆரத்தி சுற்றுவார்கள். போன வருஷம் போர்ச்சுக்கல் நாட்டிலிருந்து ஜன்னல் வந்தது. பலகையைத் தொட்டுப் பார்த்த உக்கிரபாண்டி, "எத்தனை காலம் கழிச்சு வார தாயி" என்று சொல்லிக் கண் கலங்கிவிட்டார். கூடியிருந்தவர்களும் கலங்கினார்கள். ஜன்னலை உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார்கள்.

பாண்டிச்செல்வி அந்த விழாக்களில் எல்லாம் போட்டோ எடுத்தாள். ஆரத்தித் தட்டு மற்ற ஆராய்ச்சி மாணவிகளின் கைகளில் மாறி மாறிப் போகும்; அவள் கைக்கு மட்டும் வந்ததில்லை. ஏன் என்று அவள் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. "நீங்க கேமரா பிடிச்சா படம் ஆடவே மாட்டேங்குது செல்வி" என்பார்கள். உண்மையிலேயே படம் ஆடாது.

அவள் நடுவத்தில் சேர்ந்தபோது கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. அவள் கணவன் சித்தார்த்துக்கு ஓசூரில் மோட்டார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. பட்டம் வாங்கியதும் நானும் அங்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லி அவனை அனுப்பி வைத்தாள். அதற்குப் பிறகு தாலிக்கயிற்றைப் பல தடவை மாற்றிவிட்டாள். அவன் சில சனிக்கிழமைகளில் வருவான், ஞாயிறு மாலை போவான். அவர்கள் குடும்பம் பஸ் நேரத்தை அனுசரித்தே நடந்தது. சண்டை போடக்கூட நேரம் பத்தாது. பாதிச் சண்டையை அடுத்த தடவைக்கு எடுத்து வைத்துவிட்டு, அவசர அவசரமாகச் சமாதானம் ஆகி, பஸ் ஏறுவான்.

இந்தக் கோடையில் ஒரு வழி பிறந்தது. ஓசூரில் ஒரு கல்லூரி அவளுக்கு விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் முனைவர் பட்டத்தோடு வரவேண்டும். வராவிட்டால் வேறு ஆள் தயாராக இருந்தார். ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. சித்தார்த் இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்து, அவளுடைய புத்தகங்களுக்கு அலமாரிகூட அடித்துவிட்டான்.

ஆய்வேட்டின் பொருள், பழைய கெல்ட்டிய மொழியில் அரசனைக் குறித்த ஒரு சொல்லின் மூலம். யாரும் எடுக்காத தலைப்பு என்பதால், அவளுடைய நெறியாளர் முனைவர் காசிமாயன் அதை அவளுக்குக் கொடுத்தார்.

கெல்ட்டியர் என்பவர்கள் ஐரோப்பாவின் மேற்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் பரவிக் கிடந்த மக்கள். இன்றைய ஐரிஷ், வெல்ஷ் மொழிகள் அவர்கள் பேச்சின் பேரப்பிள்ளைகள். அந்த மூலப் பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் மூக்கையும் காதையும் பார்த்து, போட்டோ இல்லாமல் செத்துப்போன பாட்டனின் முகத்தை வரைவதைப் போல, அறிஞர்கள் ஐரிஷில் இருக்கும் 'ரீ' என்ற சொல்லையும், பழைய அரசர்களின் பெயர்களுக்குக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ரிக்ஸ்' என்ற துண்டையும் வைத்து, 'ரிக்ஸ்' என்று ஒரு மூலச் சொல்லைக் கட்டினார்கள். லத்தீனில் வரும் 'ரெக்ஸ்', வடமொழியில் வரும் 'ராஜா' இரண்டும் அதற்குப் பங்காளிகள். ஜெர்மானியர்கள் இந்தச் சொல்லைக் கெல்ட்டியரிடமிருந்து கடனாகப் பெற்றார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் நேராக்குவது, கோணாமல் நடத்திப் போவது என்ற பொருளில் ஒரு வேர் இருக்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து.

இப்படிக் கட்டி எழுப்பிய சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவது வழக்கம். இதை யாரும் கண்ணால் கண்டதில்லை, இப்படி இருந்திருக்கலாம் என்று நினைக்கிறோம் என்பது அதன் அர்த்தம். பாண்டிச்செல்விக்கு அந்த நட்சத்திரம் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கும் மனிதர்கள் எங்கேயோ இருக்கிறார்கள் என்று அவளுக்கு ஓர் ஆறுதல்.

இந்தச் சொல்லுக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்று எழுதி அவள் ஆய்வேட்டை முடித்திருந்தாள்.

உக்கிரபாண்டி கடைசிப் பக்கத்தைப் படித்த அன்றே அவளையும் காசிமாயனையும் தன் அறைக்கு அழைத்தார். அது மண்டபமாக இருந்தபோது மணமகள் அறை. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பது அவருக்குப் பழகியிருந்தது.

"எல்லாம் நல்லாருக்கும்மா. ஆனா கடைசியில பிள்ளையக் கொண்டாந்து நடுத்தெருவுல விட்டுட்டீங்களே" என்றார்.

ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று அவள் சொன்னாள்.

"ஆதாரம் பின்னாடி வரும். முடிவ முதல்ல எடுத்து வச்சாத்தானே அதுக்கு எங்க வந்து சேரணும்னு தெரியும்? இந்த நடுவத்துக்கு வந்த எந்தச் சொல்லும் தாய்வீடு இல்லாமத் திரும்பிப் போனதில்ல. அது நம்ம கொள்கை." பிறகு நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்து அது என்னவென்று கேட்டார். யாரும் பார்த்ததில்லை என்று அர்த்தம் என்றாள். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப எவனும் மறுக்கவும் முடியாது. இதுக்கு மேல உனக்கு என்னம்மா வேணும்?"

காசிமாயன் ஆமோதித்தார். அவர் ஆமோதிக்காமல் இருந்து பாண்டிச்செல்வி பார்த்ததில்லை.

சொல்லாக அந்த அறைக்குள் போன ரிக்ஸ், சாயங்காலம் தீர்மானமாக வெளியே வந்தபோது ரிக்ஸ் மன்னர் ஆகியிருந்தார். மதுரைச் சீமையிலிருந்து ஆதிகாலத்தில் புறப்பட்டுப் போய்க் கெல்ட்டிய நாட்டை நேராக்கிய நம் மன்னர் என்று தீர்மானம் சொன்னது. ஜன்னல், சாவி என்றால் ஆரத்தி போதும். வருவது அரசன். அரசனுக்குப் பரிவட்டம் கட்டாமல் எப்படி அழைப்பது? கோயில் கொடையில் ஊரின் முதல் மரியாதைக்கு உரியவர் தலையில் கட்டுகிற பட்டுத்துணிதான் பரிவட்டம். முதல் மரியாதை என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். எந்த ஊர்?

இதை முடிவு செய்ய நடுவத்தார் மேடைக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். பேரையூர் என்றார் காசிமாயன். அவருக்குச் சொந்த ஊர் பேரையூர். அந்த வறண்ட காட்டில் வளைந்து வளைந்து உழமுடியாது. நேராக உழுதவன் அங்கேதான் இருந்திருப்பான். நேராக்குவது என்ற பொருள் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று விளக்கினார். ஒன்றும் சொல்ல முடியாத விளக்கமாக இருந்தது.

துணை இயக்குநர் முனைவர் அழகுபாண்டிக்குச் சொந்த ஊர் வாடிப்பட்டி. அவர் உலக வரைபடத்தை மேடையில் தொங்கவிட்டார். "கெல்ட்டிக்காரன் நாடு எங்க இருக்கு? வடக்க. வடக்க போறவன் பேரையூர் வழியா எதுக்குப் போறான்? வாடிப்பட்டி, திண்டுக்கல்லுன்னு நேரா ஏறிப் போகாம, தெக்க போயி சுத்தவா செய்வான்? அண்ணே, நானும் பஸ்ஸுல போயிருக்கேன், நீங்களும் போயிருக்கீங்க."

இந்த வாதத்துக்குக் கைதட்டல் எழுந்தது. பாண்டிச்செல்வி எழுந்து நின்று, ரிக்ஸ் என்பது ஆள் இல்லை, ஒரு சொல், அதையும் நாமாகக் கட்டியதுதான் என்று சொல்லிப் பார்த்தாள். அழகுபாண்டி அவளை அன்பாகப் பார்த்தார். "பாருங்க, அந்தப் பிள்ளையே நாமதான் கட்டினோம்னு சொல்லுது. கட்டினவனுக்குத்தானே உரிமை?" மறுபடியும் கைதட்டல். அவள் உட்கார்ந்துவிட்டாள். வாய்மொழித் தேர்வு தள்ளி வைக்கப்பட்டது. மன்னருக்கு ஊர் முடிவாகாமல் மாணவிக்குப் பட்டம் முடிவாகாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

இதற்குப் பிறகு காரியங்கள் மதுரை வழக்கப்படி நடந்தன. பேரையூரில் ரிக்ஸ் பேரவையும் வாடிப்பட்டியில் ரிக்ஸ் பாசறையும் தொடங்கப்பட்டன. பிளக்ஸ் வைத்தார்கள். மன்னரின் முகம் யாருக்கும் தெரியாததால் பேரையூர் பிளக்ஸில் அவருக்குக் காசிமாயனின் மீசை இருந்தது. வாடிப்பட்டி பிளக்ஸில் மார்புக் கவசமும் கூலிங்கிளாஸும் போட்டு, கையில் வாளோடு ஒரு புல்லட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு காதணி விழாவில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'கெல்ட்டிய வேந்தன் வழிவந்த' என்று போட்டிருந்தார்கள். மன்னரின் பிறந்த நாளை இரண்டு அமைப்புகளும் வேறு வேறு தேதியில் கொண்டாடின. டீக்கடைகளில் பேச்சு தடித்தது. ஒரு பிளக்ஸ் கிழிந்தது. அடுத்த நாள் பதிலுக்கு ஒன்று கிழிந்தது.

பாண்டிச்செல்வி முதலில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னாள். பிறகு கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னாள். பிறகு கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். பல் பிடுங்கிய பக்கத்துக் கன்னம் மாதிரி உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. தொட்டால் தொடுவது தெரியும், வலி தெரியாது.

சித்தார்த் போனில் எல்லாவற்றையும் கேட்டான். சிரிக்கிற ஆள்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஊரு உலகத்து வார்த்தையெல்லாம் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வாரீங்க. நீ எப்ப செல்வி நம்ம வீட்டுக்கு வாரது?"

"வாரேன் மச்சான்" என்றாள்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். கோட்டாட்சியர் ஒரு பெண்மணி. அன்று காலையிலிருந்து அவர் ஒரு கண்மாய்த் தகராறையும் இரண்டு கோயில் மரியாதைத் தகராறுகளையும் முடித்திருந்தார். நான்காவதாக ரிக்ஸ் மன்னர் வந்தார். மேசைக்கு ஒரு பக்கம் காசிமாயனும் பேரவையும், மறுபக்கம் அழகுபாண்டியும் பாசறையும், நடுவில் உக்கிரபாண்டி. சுவரோரம் பாண்டிச்செல்வி.

இரண்டு தரப்பையும் கேட்டு முடித்த கோட்டாட்சியர், சம்பந்தப்பட்ட ரிக்ஸ் வந்திருக்கிறாரா என்று கேட்டார். எல்லாரும் பாண்டிச்செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படி ஒருத்தர் இல்லீங்க மேடம்" என்றாள்.

"இல்லன்னா? வெளியூரா?"

"யாரும் பார்த்ததே இல்லீங்க."

கோட்டாட்சியர் எழுத்தரிடம் திரும்பி, ரிக்ஸ் என்பவருக்கு முறைப்படி தகவல் தெரிவித்தும் ஆஜராகவில்லை என்று எழுதச் சொன்னார். பிறகு எல்லாக் கோயில் தகராறுகளுக்கும் சொல்லிப் பழகிய தீர்வை இதற்கும் சொன்னார். பரிவட்டத்தின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை மற்றவரும் பிடித்துச் சேர்ந்து கட்ட வேண்டும். மன்னருக்குப் பதிலாக, மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒரு பொதுவான ஆளுக்குக் கட்ட வேண்டும். போலீஸ் பாதுகாப்போடு ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் மன்னர் பேரில் யாரும் பிளக்ஸ் வைக்கக்கூடாது.

தன்னுடைய வாய்மொழித் தேர்வு என்ன ஆகும் என்று பாண்டிச்செல்வி கேட்டாள். அதையும் அதே பந்தோபஸ்தில் வைத்துக்கொள்ளும்படி உத்தரவாயிற்று. ஜூன் பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. மேடையின் ஒரு ஓரத்தில் தேர்வுக்கான மேசை. மறு ஓரத்தில் மன்னருக்கு வெல்வெட் நாற்காலி. வெளியூர்த் தேர்வாளர் திரையில் வந்தார்; இரண்டு நிமிஷம் பேசியதும் இணைப்பு நின்று, வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்றார் உக்கிரபாண்டி. கூடத்தில் வலது பக்கம் பேரையூர், இடது பக்கம் வாடிப்பட்டி, நடுவில் போலீஸ். வாசலில் ஆரத்தித் தட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவந்து தயாராக இருந்தது.

பொதுவான ஆள் என்று திண்டுக்கல்லிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரை ஏற்பாடு செய்திருந்தார்கள். வாடிப்பட்டி வழியாக வருகிற ஆள் எப்படிப் பொதுவானவர் ஆவார் என்று பேரவை கேட்டிருந்தது. அவர் காதுக்கு அது போனதும் போனை அணைத்துவிட்டார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று மேளக்காரர் கவலைப்பட்டார்.

அப்போதுதான் கடைசி வரிசையில், மடியில் காலிப் பை ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்தார்த் உக்கிரபாண்டியின் கண்ணில் பட்டான். தேர்வு முடிந்ததும் மனைவியின் புத்தகங்களை எடுத்துப்போகக் காலையில்தான் வந்திருந்தான். நல்ல உயரம். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை.

"தம்பி எங்கருந்து வாரீங்க?" என்று உக்கிரபாண்டி மைக்கில் கேட்டார்.

"ஓசூருங்க."

கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு. வெளி மாவட்டம். அதிலும் வடக்கு. அழகுபாண்டி உடனே, வாடிப்பட்டி வழியாகத்தானே வந்தீர்கள் என்று கேட்டார். பஸ் பைபாஸில் வந்துவிட்டது என்றான் சித்தார்த். "கேட்டீங்களா, ஊருக்குள்ள நுழையவே இல்ல" என்றார் காசிமாயன். இரண்டு பக்கமும் திருப்தி. ஆள் முகத்தில் ராஜகளை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் நாலு பேர் அவனைப் பையோடு மேடைக்குக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒருவர் மாலை போட்டார். பாசறைத் தலைவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அதைப் பார்த்து, பின்தங்கக்கூடாது என்று பேரவைத் தலைவரும் கும்பிட்டார். சித்தார்த் கூச்சத்தோடு காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

பாண்டிச்செல்வி தேர்வு மேசையிலிருந்து எழுந்து, "அய்யா, அவரு எங்க வீட்டு..." என்று தொடங்கினாள்.

"வைவாவுல கேட்ட கேள்விக்கு மட்டும்தாம்மா பதில் சொல்லணும்" என்று உக்கிரபாண்டி கையமர்த்தினார்.

காசிமாயன் பட்டின் ஒரு முனையையும் அழகுபாண்டி மறுமுனையையும் பிடித்தார்கள். பச்சைக் கரை போட்ட சிவப்புப் பட்டு. மேளம் ஓங்கியது. துணி அவன் தலைக்கு மேலே வந்து நின்றது. கட்டுவதற்கு முன்னால் பரிவட்டம் ஏற்பவரின் விவரத்தைச் சபைக்குச் சொல்ல வேண்டும். அது முறை. உக்கிரபாண்டி மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, மைக்கை அவனிடம் நீட்டினார்.

"பேரு தம்பி?"

"சித்தார்த்."

"அப்பா பேரு?"

"வீரணன்."

"நம்ம பக்கத்துப் பேரா இருக்கே. பூர்வீகம் எங்க?"

"இங்கனதாங்க. செக்கானூரணி தாண்டி உள்ள போகணும்."

"அடடே, நம்ம பயதான்" என்றார் பேரவையில் ஒருவர் மகிழ்ச்சியோடு. "அங்க எனக்கு மாமன் மச்சான் நிறையப் பேரு. எந்தத் தெருவுப்பா?"

சித்தார்த் நிமிர்ந்து மேலே தொங்கிய துணியைப் பார்த்தான். பிறகு மேடையின் மறு ஓரத்தில் நின்ற மனைவியைப் பார்த்தான். அவள் சரி என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் தலையசைக்கவில்லை. அவன் மைக்கில் தெளிவாகச் சொன்னான்.

"தெரு இல்லீங்க. காலனி."

திரையில் தேர்வாளர் வாயைத் திறந்தபடியே இருந்தார். யாரும் கோபப்படவில்லை. யாரும் ஒரு தவறான வார்த்தை பேசவில்லை, எல்லாரும் படித்தவர்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டிருந்த இரண்டு தலைவர்களும் தங்கள் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். துணி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு காசிமாயன் அழகுபாண்டியைப் பார்த்தார். அழகுபாண்டி காசிமாயனைப் பார்த்தார். கோடை தொடங்கியதிலிருந்து முகம் பார்த்துப் பேசாத இருவரும், காய்ந்த சேலையை மடிக்கிற பெண்களைப் போல, முனையோடு முனை சேர்த்து, நடுவில் வந்து கைமாற்றி, அந்தப் பட்டை அழகாக மடித்தார்கள்.

உக்கிரபாண்டி மைக்கைத் திரும்ப வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"அன்பர்களே. அறிவு நிறுவனம் என்பது ஆதாரத்துக்குத் தலைவணங்க வேண்டிய இடம். உணர்ச்சிக்கு இங்கே இடமில்லை. நம் மாணவி பாண்டிச்செல்வி பல ஆண்டுகள் உழைத்து ஓர் ஆய்வேட்டைத் தந்திருக்கிறார். அதன் கடைசிப் பக்கத்தை நான் இன்றைக்கு மறுபடியும் ஆழமாக எண்ணிப் பார்த்தேன். இந்தச் சொல்லுக்கும் நம் மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அவர் அஞ்சாமல் எழுதியிருக்கிறார். சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்? யாரும் பார்த்ததில்லை என்று அர்த்தம். யாரும் பார்க்காத ஒரு மன்னரை நம் ஊர்க்காரர் என்று சொல்வது அறிவியலா?"

"இல்லை" என்றது பேரையூர்.

"இல்லவே இல்லை" என்றது வாடிப்பட்டி.

"ஆகவே ரிக்ஸ் என்பவர் ஐரோப்பாக்காரர் என்று இந்தச் சபை ஒருமனதாக ஏற்கிறது. அவர் எங்கே பிறந்தாரோ அங்கேயே நன்றாக இருக்கட்டும். பாண்டிச்செல்விக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்."

நடுவத்தின் வரலாற்றில் ஒரு சொல் தாய்வீடு இல்லாமல் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை. எல்லாரும் கைதட்டினார்கள். போலீஸ்காரர்களும் தட்டினார்கள். கோடையெல்லாம் மாறி மாறிப் பிளக்ஸ் கிழித்தவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு பின்பக்கத்துச் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனார்கள். சமாதானக் கூட்டத்தால் முடியாத சமாதானம் அது.

தான் எழுதியதை ஒரு வரியும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பாண்டிச்செல்வி மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சந்தோஷம் வருகிறதா என்று காத்திருந்தாள். அழுகையாவது வருகிறதா என்றும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சித்தார்த் மாலையைக் கழற்றி நாற்காலியின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, காலிப் பையை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குள் போனான். அவள் பின்னாலேயே போனாள். புத்தகங்களை அடுக்கினார்கள்.

கனத்த பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தட்டைப் பிடித்து நின்ற பெண் எல்லாரும் பந்திக்குப் போய்விட்டதால் தானும் போகத் துடித்துக்கொண்டிருந்தாள். "டாக்டர், இத அப்படியே ரோட்டோரமாக் கொட்டிருங்களேன்" என்று சொல்லி, பாண்டிச்செல்வியின் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

பாண்டிச்செல்வி தட்டைப் பார்த்தாள். முதல் தடவையாகக் கைக்கு வந்திருக்கிறது, கொட்டுவதற்காக. சிவந்த தண்ணீரில் மேலே போகும் மேம்பாலமும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. படம் ஆடவில்லை.

"மச்சான், கிழக்காமத் திரும்பி நில்லுங்க."

"என்ன பண்ற நீ? பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நில்லுங்கன்னா நில்லுங்க."

அவன் தோளில் புத்தகப் பையோடு திரும்பி நின்றான். சாலையில் போன ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அவள் மெதுவாகத் தட்டைச் சுற்றினாள். விரலால் தொட்டு அவன் நெற்றியில் பொட்டு வைத்தாள். பிறகு சாலையோரத்து வேப்பமரத்தடியில் தண்ணீரை ஊற்றி, தட்டைக் கழுவி, நடுவத்தின் படியில் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியான பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நகரம் முடிந்து வயல்கள் வந்தன. அறுத்த தாள்களின் மேல் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. சித்தார்த் நெற்றிப் பொட்டைத் துடைக்கவில்லை. அது காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. சாலைக்கு மேலே வாடிப்பட்டிக்கு அம்புக்குறி போட்ட பச்சைப் பலகை வந்தபோது அவன் அவள் முழங்கையை இடித்தான்.

"உங்க ராஜா இந்த வழியாத்தான் போனாராமே?"

அவள் பலகையைப் பார்த்தாள். பஸ் வேகம் குறைக்காமல் அதன் அடியில் நேராகப் போனது.

"ஆமா" என்றாள். "போனவரு திரும்பி வரவே இல்லையாம்."